அப்பாவுக்கு ப்ராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு கசிவு, எனக்குத் தும்மினால் கசிவு. இதற்கென்று பிசியோதெரபி உண்டா?

கும்பகோணம்_டீச்சர் எழுதியது:

வணக்கம். வீட்டிலும் ஸ்டாஃப் ரூமிலும் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

அப்பாவுக்கு 69 வயது. ப்ராஸ்டேட்டில் புற்றுநோய், ஆரம்ப நிலை. சென்னையில் சுரப்பியை முழுசாக எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ரிப்போர்ட்டும் நன்றாக வந்தது. ஆனால் யூரின் டியூபை எடுத்த நாளிலிருந்து கசிவு. படுத்திருந்தால் ஒன்றும் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்தால் வேட்டி நனைந்துவிடுகிறது. டயப்பருக்கு மேல் வேட்டி நிற்கவில்லை என்று பேன்ட்டுக்கு மாறினார், அப்புறம் வெளியே போவதையே விட்டுவிட்டார். காலையில் டீக்கடையில் பேப்பர், சாயங்காலம் கும்பேசுவரர் கோயில் பிராகாரம் என்று இருந்த மனுஷர், இப்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்தே இருக்கிறார். தண்ணீர் குடிக்கவும் பயப்படுகிறார்.

எனக்கு 38 வயது. சின்னவன் ஆயுதம் போட்டு எடுத்த குழந்தை, எடையும் அதிகம். அவன் இப்போது மூணாங்கிளாஸ். அன்றிலிருந்தே தும்மினால், இருமினால், படியில் வேகமாக இறங்கினால் கொஞ்சம் கசியும். காலைப் பிரேயரில் இருமல் வந்தால் காலைப் பின்னிக்கொண்டு நிற்பேன். புடவை என்பதால் யாருக்கும் தெரியாது.

டிஸ்சார்ஜ் செய்தபோது அப்பாவிடம் ஒரு தாள் கொடுத்தார்கள். "கெகல் பயிற்சி தினமும் செய்யவும்" என்று போட்டு ஒரு படம். "எதைம்மா இறுக்கணும்?" என்று என்னிடம் கேட்கிறார். நான் என்ன சொல்வது? அவர் வயிற்றை எக்கி, தொடையை இறுக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிறார். நானும் யூடியூப் பார்த்துச் சில மாதம் செய்தேன், பலன் தெரியவில்லை.

இதற்குத் தனியாக பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார்களா, இல்லை முட்டிவலிக்குப் பார்ப்பவரே பார்ப்பாரா? உள்ளே கைவிட்டுப் பார்ப்பார்கள் என்கிறார்கள், உண்மையா? அப்பா லேடி பிசியோவிடம் கண்டிப்பாக வரமாட்டார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை_பிசியோ எழுதியது:

டீச்சர், வணக்கம்ங்க. நான் இந்த வேலையைத்தான் செய்கிறேன். என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள், ஆண்களும் வருகிறார்கள். நீங்கள் ஒரே பதிவில் அப்பாவையும் உங்களையும் சேர்த்துக் கேட்டது எனக்கு ரொம்பச் சரியாகப் பட்டது. காரணம் வேறு வேறாக இருந்தாலும், வேலை செய்யவேண்டிய தசை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

முன்பக்கம் அந்தரங்க எலும்பிலிருந்து பின்பக்கம் வால் எலும்பு வரைக்கும், இடுப்புக் கூட்டின் அடியில் தூளி கட்டின மாதிரி ஒரு தசைத் தொகுப்பு இருக்கிறது. இடுப்புத்தளம், இங்கிலீஷில் பெல்விக் ஃப்ளோர் என்பது இதுதான். மூத்திரப்பை, மலக்குடல், பெண்களுக்குக் கர்ப்பப்பை எல்லாம் அதன்மேல்தான் இருக்கின்றன. சிறுநீரையும் மலத்தையும் காற்றையும் அடக்கி வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறும், அதே நொடியில் இந்தத் தசை இறுகி மூத்திரக்குழாயை மூடவேண்டும். பிரசவத்தில், அதுவும் ஆயுதம் போட்ட பிரசவத்தில், இந்தத் தசையும் அதன் நரம்பும் நன்றாக இழுபட்டிருக்கும். அதனால் இறுகுவது தாமதமாகிறது, அல்லது பலம் போதவில்லை. உங்களுக்கு நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன். சிசேரியன் ஆனவர்களுக்கும் இது வரும், ஒன்பது மாதம் சுமந்த பாரம் அவர்களுக்கும் உண்டுதானே.

அப்பாவுக்கு நடந்தது வேறு. ப்ராஸ்டேட் மூத்திரப்பைக்கு நேர் கீழே இருக்கிறது, மூத்திரக்குழாய் அதன் நடுவே போகிறது. சுரப்பியை எடுக்கும்போது, பையின் கழுத்தில் தானாக மூடிக்கொள்ளும் பூட்டும் சேதமாகிவிடும். அதுவரை அந்தப் பூட்டு பாதி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இனிமேல் கீழே இருக்கும் இரண்டாவது பூட்டும் அதைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசையும்தான் முழுப் பொறுப்பையும் எடுக்கவேண்டும். அதற்குப் பழக நாள் ஆகும். டியூப் எடுத்ததும் கசியாத ஆண்கள் குறைவு. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் குறைந்துகொண்டே வரும், ஒரு வருஷம் வரைக்கும் முன்னேற்றம் இருக்கும். அப்பாவிடம் இதை முதலில் சொல்லுங்கள். ஆபரேஷனில் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடம் இது. ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்கப் பெண்கள் நோயியல் மருத்துவர் 1948ல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதியபோது "இறுக்குங்கள்" என்று சொல்லிவிட்டு அனுப்பவில்லை. பெண்ணுறுப்பில் வைத்து அழுத்தத்தை அளக்கும் ஒரு கருவியையும் அவரே செய்தார். தான் இறுக்குவது சரியா, போன வாரத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று அந்தப் பெண்ணே முள்ளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. அவர் பெயரைத் தாங்கி நிற்கும் தாளில் அந்தப் பாதியைக் காணோம். சொல்லக் கேட்டு மட்டும் செய்பவர்களில் நிறையப் பேர் தவறாகத்தான் செய்கிறார்கள். சிலர் மேலே தூக்குவதற்குப் பதில் கீழே முக்குகிறார்கள். அப்படிச் செய்தால் இருப்பதும் கெடும். உங்களுக்குப் பலன் கிடைக்காததற்குப் பயிற்சியைக் குறை சொல்வதற்கு முன்னால், சரியான தசைதான் வேலை செய்கிறதா என்று ஒருவர் பார்க்கவேண்டும்.

எப்படிப் பார்ப்போம் என்று கேட்டீர்கள். முதல் நாள் பாதி நேரம் பேச்சுதான். எப்போது கசிகிறது, எவ்வளவு, மலச்சிக்கல் உண்டா, என்னென்ன மாத்திரை, காபி எத்தனை வேளை என்று கேட்போம். பிறகு, நீங்கள் சம்மதித்தால் மட்டும், கையுறை போட்டு ஒரு விரலால் பெண்ணுறுப்பு வழியாகத் தசையைத் தொட்டுப் பார்ப்போம். பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவோம், எத்தனை நொடி பிடிக்க முடிகிறது என்றும் எண்ணுவோம். வலிக்கக்கூடாது. வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். கூட ஒரு பெண் இருக்கவேண்டும் என்று கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். கல்யாணமாகாத பெண்களுக்கும் சம்மதிக்காதவர்களுக்கும் வெளியிலிருந்து பார்த்தோ, அடிவயிற்றில் ஸ்கேன் வைத்தோ பார்க்கிறோம். ஆண்களுக்கு ஆசனவாய் வழியாகப் பார்ப்பதுண்டு. ஆனால் கண்ணாடியைக் கையில் கொடுத்தே நிறையக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

அப்பாவுக்கு இப்படிச் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் இதை அப்படியே அவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள். முட்டியை மடக்கி மல்லாந்து படுக்கவேண்டும். ஆணுறுப்பை உள்ளே இழுத்துக் குட்டையாக்குவது போலவும், விதைகளை மேலே தூக்குவது போலவும் நினைத்து இறுக்கவேண்டும். கண்ணாடியில் பார்த்தால் உறுப்பின் அடி லேசாக உள்ளே போவதும் விதைகள் கொஞ்சம் ஏறுவதும் தெரியும். தெரிந்தால் சரி. ஆசனவாயை மட்டும் இறுக்கினால் இவருக்குப் போதாது, மூத்திரக்குழாயைச் சுற்றியுள்ள தசை முன்பக்கம்தான் இருக்கிறது. பிட்டமும் தொடையும் தளர்ந்தே இருக்கவேண்டும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், வாய்விட்டு எண்ணினால் மூச்சை அடக்க முடியாது.

உங்களுக்கு: காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோலப் பின்பக்கம் தொடங்கி, ஒன்றுக்கை அடக்குவதுபோல முன்பக்கமும் சேர்த்து உள்ளே மேலே இழுங்கள். முதலில் எத்தனை நொடி முடிகிறதோ அத்தனை போதும், அதை மெல்ல 10 நொடி வரை கொண்டுபோகலாம். இறுக்கிய நேரத்துக்குக் குறையாமல் முழுசாகத் தளர்த்துங்கள். தளர்த்துவதும் பயிற்சிதான், அதை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். அதோடு சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடும் சிலவும் வேண்டும், தும்மலுக்கு உதவுவது அந்த வேகம்தான். இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டுதல், தும்மல் இருமல் கசிவு உள்ள பெண்களுக்கு, மேற்பார்வையோடு குறைந்தது 3 மாதப் பயிற்சியை முதல் சிகிச்சையாகச் சொல்கிறது. நாளுக்கு 3 வேளை, வேளைக்குக் குறைந்தது 8 தடவை. மூன்று வாரத்தில் விட்டுவிட்டு "இது எனக்கு ஒத்துவரவில்லை" என்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். தசை பலப்பட அந்த 3 மாதம் வேண்டும்.

பலம் வருவதற்கு முன்பே இன்றைக்கே பயன்படும் ஒன்று உண்டு. தும்மல் வருவது தெரிந்ததும், தும்முவதற்கு முன் இறுக்குங்கள். குடத்தைத் தூக்குவதற்கு முன், நோட்டுக் கட்டைத் தூக்குவதற்கு முன் இறுக்குங்கள். அப்பா நாற்காலியிலிருந்து எழும்போது முதலில் இறுக்கி, மூச்சை விட்டபடியே எழவேண்டும்.

தண்ணீரைக் குறைக்கவேண்டாம். சிறுநீர் கெட்டியானால் பைக்கு எரிச்சல், அவசரமும் கூடும், மலச்சிக்கலும் சேரும். முக்குவது இந்தத் தசைக்கு எதிரி. காபி, டீயைக் குறைத்துப் பாருங்கள். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ளவேண்டாம், பை முழுசாகக் காலியாகாமல் போகும்.

முட்டிவலிக்குப் பார்ப்பவர் எல்லோரும் இதைப் பார்ப்பதில்லை. போனிலேயே "பெல்விக் ஃப்ளோர் பார்ப்பீர்களா, ஆண்களுக்கும் பார்ப்பீர்களா, ஆண் பிசியோ இருக்கிறாரா" என்று கேட்டுவிட்டுப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோ பிரிவு இருக்கிறது, யூராலஜிஸ்ட்டிடம் சீட்டு வாங்கிக்கொண்டு போய்க் கேட்கலாம்.

தபால்_நெல்லை எழுதியது:

அம்மா, நானும் உங்கள் அப்பா போன வழியில் போனவன். தபால் துறையில் ஓய்வு பெற்றவன், அதே ஆபரேஷன்.

மகள் சொன்னால் அவர் தலையாட்டுவார், செய்யமாட்டார். நானும் என் மகளிடம் பேசவில்லை. என் சம்பந்தி, அவருக்கும் ப்ராஸ்டேட் தொல்லை உண்டு, அவர்தான் ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து கேட்டார். அப்படி ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருப்பார். மாப்பிள்ளையாகக்கூட இருக்கலாம்.

வேட்டிக்கு வழி இருக்கிறது. முழு டயப்பர் வேண்டாம். ஆண்களுக்கென்றே முன்பக்கம் மட்டும் வைக்கும் பட்டை விற்கிறது. இறுக்கமான ஜட்டிக்குள் அதை வைத்து, மேலே வேட்டி கட்டினால் ஒன்றும் தெரியாது. மஞ்சப்பையில் மாற்றுப் பட்டை இரண்டும் ஒரு பிளாஸ்டிக் கவரும். இந்தத் தயாரிப்போடுதான் நான் மறுபடி நெல்லையப்பர் கோயிலுக்குப் போனேன்.

முதலில் ராத்திரி காய்ந்தது. அப்புறம் காலை வேளை. சாயங்காலம்தான் கடைசி, தசை களைத்துவிடும் என்று பிசியோ தம்பி சொன்னார். ஆகவே சாயங்காலம் நனைந்தால் "பழையபடி ஆகிவிட்டதே" என்று மனசு விடவேண்டாம் என்று அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். நனைந்த பட்டையைத் தராசில் நிறுத்து எழுதிவைக்கச் சொன்னார் அந்தத் தம்பி. கிராம் குறைவதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இன்னொன்று. இந்த ஆபரேஷன் ஆண்மை விஷயத்தையும் பாதிக்கும். வயசானவருக்கு அது எதற்கு என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அதற்கும் மருந்தும் வழியும் இருக்கிறது. யூராலஜிஸ்ட்டிடம் அவர் தனியாகப் பேச ஐந்து நிமிஷம் கொடுங்கள். நீங்கள் வெளியே பெஞ்சில் இருங்கள்.

ஓசூர்_ஐடி எழுதியது:

டீச்சர் கேட்டதற்கு நேர் பதில் இல்லை. ஆனால் இந்தத் திரியைப் படித்துவிட்டு எல்லாரும் இறுக்க ஆரம்பித்துவிடுவார்களே என்ற கவலையில் எழுதுகிறேன். வயது 31. எனக்குக் கசிவு கிடையாது. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வலி, உட்கார்ந்தால் கூடும், ஒன்றுக்குப் போனால் எரிச்சல், போய்விட்டு வந்தும் திருப்தி இருக்காது. ப்ராஸ்டேட்டில் கிருமி என்று ஒரு இடத்தில் ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். கல்ச்சர் டெஸ்டில் ஒவ்வொரு முறையும் கிருமி இல்லை என்றே வந்தது. நெட்டில் படித்து கெகல் செய்தேன், வலி இன்னும் ஏறியது.

பிறகு பார்த்த பிசியோ சொன்னது: தசை பலவீனமாக இல்லை, எந்நேரமும் இறுகியே கிடக்கிறது. எனக்குக் கொடுத்ததெல்லாம் தளர்த்தும் பயிற்சி. வயிறு எழும்ப மூச்சை இழுத்து இடுப்புத்தளம் கீழே இறங்குவதை உணரச் சொன்னார். குத்தவைத்து உட்காருவது, இடுப்பு நீட்டல், உள்ளே முடிச்சுப் போல இருந்த இடங்களை விரலால் அழுத்தித் தளர்த்துவது, இதெல்லாம்தான். கம்ப்யூட்டர் முன்னால் அரை மணிக்கு ஒருதரம் எழுந்துவிடுகிறேன். இப்போது பைக்கில் பெங்களூரு போய்வர முடிகிறது. வலி உள்ளவர்கள் தயவுசெய்து பிசியோவிடம் காட்டாமல் இறுக்க ஆரம்பிக்காதீர்கள்.

கோவை_பிசியோ எழுதியது:

ஓசூர் தம்பி சொன்னது ரொம்ப முக்கியம். பெண்களிலும் இது உண்டு. தாம்பத்தியத்தில் வலி, உள்ளே எதையும் அனுமதிக்க முடியாமல் தசை இறுகிக்கொள்வது, இப்படி வரும் புதுமணப் பெண்களிடம் "சகிச்சுக்கோ, சரியாயிடும்" என்றே வீட்டில் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கு இறுக்கும் பயிற்சி கூடவே கூடாது. தளர்த்தக் கற்றுக்கொடுத்து, சின்னதிலிருந்து பெரிய அளவு வரை டைலேட்டர் (உள்ளே வைத்துப் பழக்கும் வழவழப்பான குழல்) வைத்துப் படிப்படியாகப் போவோம். வேகத்தை முடிவுசெய்வது அந்தப் பெண்தான், கணவரும் இல்லை, நானும் இல்லை.

மலச்சிக்கலிலும் இந்தக் கதைதான் சிலருக்கு. முக்கும்போது திறக்கவேண்டிய தசை இறுகி மூடிக்கொள்ளும். அவர்களுக்குப் பேதி மாத்திரை மட்டும் கொடுத்துப் பிரயோசனம் இல்லை. வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலுக்குக் கீழே ஒரு முக்காலி போட்டு, முட்டி இடுப்பைவிட மேலே இருக்கும்படி உட்கார்ந்து பாருங்கள்.

பாரிஸ்_யாழினி எழுதியது:

டீச்சர், நான் யாழ்ப்பாணம், இப்ப பாரிஸ் பக்கம் இருக்கிறன். இஞ்சை பிள்ளை பிறந்தாப் பிறகு ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போகேக்கை, கேக்காமலே இந்தப் பயிற்சிக்குத் துண்டு எழுதித் தருவினம். 10 தரம் போகலாம், காசு அரசாங்க மருத்துவக் காப்புறுதி கட்டும். மருத்துவிச்சியும் செய்வா, பிசியோவும் செய்வார். முதலிலை கையாலை பாத்தவா, பிறகு சின்னதா ஒரு கருவி உள்ளுக்கு வைச்சு, நான் இறுக்கிறது கம்ப்யூட்டர் திரையிலை கோடா ஏறி இறங்கிறதைக் காட்டினவா. எந்த இடம் எண்டு எனக்கு அப்பத்தான் விளங்கினது.

என்ரை அம்மாவுக்குக் கர்ப்பப்பை கீழ இறங்கினது. வருசக்கணக்கா ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதை நினைச்சால் இப்பவும் மனம் நோகுது. பொம்பிளையளுக்கு இது வழமைதானே எண்டு விட்டிடாதேங்கோ.

கும்பகோணம்_டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பிசியோ அக்கா எழுதியதில் அப்பாவுக்கான பகுதியை அவர் போனுக்கு அனுப்பினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மேஜை மேல் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடி அவர் அறைக்குப் போயிருக்கிறது. என் வீட்டுக்காரர் நாளைக்குத் தஞ்சாவூரில் ஆண் பிசியோ இருக்கிறாரா என்று விசாரிக்கிறார்.

இன்னும் இரண்டு கேள்வி. ஸ்கூல் டாய்லெட் சரியில்லை என்பதால் காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் போவேன், கிளம்பும் முன் இரண்டு தடவை போய்விட்டுப் போவேன். அது தப்பா? என் தங்கை இப்போது பச்சை உடம்புக்காரி. அம்மா அவள் வயிற்றில் புடவையைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிறார், அது நல்லதா?

கோவை_பிசியோ எழுதியது:

டீச்சர், இரண்டுமே நல்ல கேள்விங்க.

நாள் முழுக்க அடக்குவதும் தப்பு, வரவே வராமல் "எதற்கும் இருக்கட்டும்" என்று போவதும் தப்பு. பெரியவர்களின் பை சுமார் 400 மில்லி பிடிக்கும், பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருதரம் போவது இயல்பு. வராமலே போய்ப் பழகினால் கொஞ்சம் சேர்ந்ததும் பை அவசரப்படுத்தத் தொடங்கும். மதிய இடைவேளையில் ஒருதரம் கட்டாயம் போங்கள். டாய்லெட்டுக்குக் கதவும் தண்ணீரும் வேண்டும் என்று டீச்சர்கள் எல்லோரும் சேர்ந்து தலைமையாசிரியரிடம் கேளுங்கள், அது பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். மூன்று நாளைக்கு எப்போது போனீர்கள், எவ்வளவு குடித்தீர்கள், எப்போது கசிந்தது என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு பிசியோவிடம் போங்கள், பாதி நேரம் மிச்சம்.

தங்கைக்கு வயிற்றைத் தாங்கும் அளவுக்கு மெதுவாகக் கட்டினால் இடுப்புக்கு இதமாக இருக்கும். மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தமெல்லாம் கீழேதான் போகும், தையல் போட்ட இடமும் பிரசவத்தில் இழுபட்ட தசையும் அங்கேதான் இருக்கின்றன. அம்மாவிடம் சண்டை வேண்டாம், இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்திக் கட்டச் சொல்லுங்கள், படுக்கும்போது அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். வலி இல்லையென்றால் மெல்ல இறுக்கித் தளர்த்துவதை இப்போதே தொடங்கலாம். குடம் தூக்குவதும் அரிசி மூட்டையை நகர்த்துவதும் இப்போது வேண்டாம்.

இவற்றுக்கு மட்டும் பிசியோவுக்காகக் காத்திருக்காமல் நேரே டாக்டரிடம் போகவேண்டும்: சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், அப்பாவுக்குத் திடீரென்று சிறுநீரே போகாமல் அடைத்துக்கொள்வது. அந்தரங்கப் பகுதி மரத்துப்போய் கால் பலம் குறைந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும், அது முதுகுத்தண்டு நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அப்பாவுக்கு ஒரு வருஷம் ஒழுங்காகச் செய்தும் பட்டைகள் நிறைய நனைந்தால், செயற்கைப் பூட்டு வைக்கும் ஆபரேஷனும், மூத்திரக்குழாய்க்கு அடியில் தாங்குபட்டை வைக்கும் ஆபரேஷனும் இருக்கின்றன. அதை யூராலஜிஸ்ட்டிடம் அப்போது கேட்கலாம்.

தஞ்சாவூரில் ஆண் பிசியோ யாரும் அமையவில்லை என்றால் இங்கேயே எழுதுங்கள். திருச்சியில் விசாரித்துச் சொல்கிறேன்.